ஆறு முதலா, வாய்க்கால் முதலா? (கடைமடைக்காரன் கேள்வி)

12 ஜூன் 2024

இன்றைக்கு மேட்டூர் திறக்கவில்லை. வழக்கமாகத் திறக்கும் நாள் இதுதான். 120 அடி அணையில் 43 அடி சொச்சம் கிடந்தால் எதைத் திறப்பது? போன வருஷம் இதே தேதியில் திறந்து அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். மூடாமல் இருந்திருந்தால் மட்டும் எங்கள் ஊர் வரை வந்திருக்குமா என்பது தனிக்கதை.

கை சும்மா இருப்பதால் ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் நைல், சிந்து என்று ஆரம்பித்து, ஆற்றங்கரையில் நாகரிகம் பிறந்தது என்று சொல்லிக்கொடுத்தார்கள். காவிரிக்கும் அதே பாட்டைத்தான் பாடுகிறோம்: காவிரி இல்லாவிட்டால் சோழன் இல்லை, பெரிய கோயில் இல்லை, சங்கீதம் இல்லை, கும்பகோணம் வெற்றிலை இல்லை.

நான் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் எதற்கும் காவிரி என்று பெயர் கிடையாது. கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகி, அதற்குக் கீழேயும் உடைந்து உடைந்து, கடைசியில் முள்ளியாறு என்ற பெயரில் வரும். வடக்கே போனால் வீரசோழன், விக்ரமன், கீர்த்திமான், முடிகொண்டான், திருமலைராஜன். எல்லாம் ஆறுகள்தான், அரசாங்கக் கணக்கிலும் ஆறுதான். ராஜா பெயர் வைத்த ஆற்றை எந்த மலை பெற்றது? மண்வெட்டிதானே பெற்றது?

என் கட்சி: காவிரி சோழ நாட்டை உண்டாக்கவில்லை. சோழ நாட்டுக்காரன் காவிரியை உண்டாக்கினான். மறுக்கிறவர்கள் இந்த இழையில் கீழே எழுதலாம்.

13 ஜூன்

"அப்படியென்றால் காவிரியை நகர்த்திப் புதுக்கோட்டையில் வைத்துக்கொள்ளுங்களேன்" என்று ஒருவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். மண்வெட்டிக்கு முன்னால் தண்ணீர் வேண்டும். முதல் அடி எனக்குத்தான்.

15 ஜூன்

பட்டினப்பாலையை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். வானம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று அதில் வருவது உண்மைதான். இரண்டு விஷயம்.

ஒன்று, அதில் புலவர் மிகைப்படுத்தவில்லை. காவிரி பிறக்கிற குடகில் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை, ஜூனில் தொடங்கும். டெல்டாவுக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான், வடகிழக்குப் பருவமழை. ஆனி ஆடியில் தஞ்சாவூர் வானம் வெளுத்துக் கிடக்கும்போது ஆறு செந்நிறமாக ஏறிவரும். நம் வானம் பொய்த்தாலும் குடகு வானம் பொய்க்கவில்லை என்று அர்த்தம். வேறு ஊர் மழையைச் சுமந்துவரும் தபால்காரன் அந்த ஆறு. 800 கிலோமீட்டர் நடந்துவந்து, கதவைத் தட்டுகிறான். நைலுக்கும் இதே கதைதான்: எகிப்தில் மழை கிடையாது, எத்தியோப்பிய மலையில் பெய்தது வண்டலோடு வந்து சேரும். ஆற்றங்கரை நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி, அடுத்தவன் மழையை வாங்கிச் சாப்பிட்ட நாகரிகம்.

இரண்டு, அந்தப் பாட்டு பாடியது காவிரிப்பூம்பட்டினத்தை. ஆற்றின் வாயில் இருக்கிற ஊர். எங்களைப் போலவே கடைமடை! இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள். மேலையூர் கடையணை தாண்டிக் கடலுக்குப் போகும் காவிரி, வேட்டியை மடித்துக் கட்டினால் கடந்துவிடலாம். குதிரை கப்பலில் வந்து இறங்கிய துறை. தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியை மேற்கோள் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

15 ஜூன், இரவு

தபால்காரன் உவமை பிடிக்கவில்லை என்று என் மகள். தபால்காரர் பாதித் தபாலை வழியில் உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில்லையே என்கிறாள். நல்ல கேள்வி.

18 ஜூன்

கல்லணையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. ஏழு பேர் கேட்டாயிற்று.

முதலில் ஒரு தப்பான நினைப்பு. கல்லணை தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணை கிடையாது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கீழ்முனையில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. தடுக்காவிட்டால் காவிரி முழுக்கக் கொள்ளிடத்தில் விழுந்து நேரே கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் பொட்டலாகிவிடும். அந்த விழும் இடத்தில் கல்லைக் கொட்டி மறித்ததுதான் கல்லணை. பேரே கொள்ளிடம், வெள்ளத்தைக் கொள்ளும் இடம். பழையவர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

இதுதான் என் கட்சிக்குச் சாட்சி என்று நினைக்கிறேன். ஆறு தன்பாட்டுக்கு விட்டிருந்தால் டெல்டாவை விட்டு ஓடிப்போயிருக்கும். ஓடிப்போகிறவளைக் கையைப் பிடித்து இழுத்து வைத்த குடும்பம் நாம்.

வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1830-களில் வந்து பார்த்தபோது இந்தக் கதை மறுபடி நடந்துகொண்டிருந்தது. கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போக, காவிரி மண்மேடிட்டுக்கொண்டே வர, தண்ணீர் வடக்கே இழுபட்டது. 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார். ஆழம் காண முடியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தோடுதான் பிறகு கோதாவரிக்குப் போய்த் தவளேசுவரத்தில் அணை கட்டினார்.

2018 ஆகஸ்டில் அதே மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது ஒரே இரவில் போயின. ஆற்றுக்கு இன்னும் பழைய ஆசை விடவில்லை.

19 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பதை நான் தொடாமல் விட்டதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தது வருகிறது. கரை வேறு, அணை வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது பின்னால் வந்தவர்கள். இலங்கையிலிருந்து கைதிகளைப் பிடித்துவந்து கரை போட்டான் என்ற பழங்கதையும் உண்டு. கதையாகவே வைத்துக்கொண்டாலும் ஒன்றைச் சொல்கிறது: கரை போடும் வேலை யார் தலையில் விழும் என்று அந்தக் காலத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

22 ஜூன்

உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலைத் தேர்தலைக் காவிரி நாகரிகத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தவருக்கு: உத்திரமேரூர் காவிரிக்கரையில் இல்லை, ஐயா. காஞ்சிபுரத்துக்குப் பக்கம். ஏரி வாரியம் என்று அந்தக் கல்வெட்டில் வருவது ஏரிக்குத்தான். ஏரிப் பாசன நாடு வேறு மாதிரி நாடு. ஏரி ஒரு ஊரின் சொத்து, கரை உடைந்தால் அந்த ஊர்தான் அழும். ஆற்று வாய்க்கால் பத்து ஊர் கடந்து வருவது. உங்கள் ஊர்த் தண்ணீர் இன்னொரு ஊர்க்காரன் கையில் இருக்கும். அதனால் டெல்டாவில் பஞ்சாயத்து அதிகம், வக்கீல் அதிகம். இது என் பெரியப்பா சொன்னது. அவர் ஒரே ஒரு மடைக்காகப் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்.

டெல்டாவிலேயே ஆறும் ஏரியும் சேர்ந்த ஒரு விசித்திரம் வீராணம். பராந்தகன் காலத்தது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் அதற்குப் போகிறது. 2004-லிருந்து அங்கிருந்து குழாயில் சென்னைக்கு. ஆக, சென்னைக்காரர்களும் கடைமடைதான். அவர்களுக்கு மட்டும் முறை வைக்காமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

22 ஜூன்

முறை என்றால் என்ன என்று கேட்டவருக்கு: முறைத்தண்ணீர். ஆறு நாள் உனக்கு, ஆறு நாள் எனக்கு என்று ஆற்றை மாற்றி மாற்றித் திறப்பது. ஆறு நாளில் நாலாவது நாள்தான் எங்கள் ஊருக்கு வந்து சேரும். ஐந்தாம் நாள் மேலே அடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

27 ஜூன்

பாடல் பெற்ற தலங்கள் 274. சோழ நாட்டில் மட்டும் 190. அவற்றை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: காவிரி வடகரைத் தலம் 63, தென்கரைத் தலம் 127. சாமிக்கு விலாசம் ஆறுதான். தபால்காரன் விஷயத்தை மறுபடி இழுக்கவில்லை.

ஊர்ப்பெயரிலும் அப்படியே. மயிலாடுதுறை, ஆடுதுறை, திருவாவடுதுறை. துறை என்றால் இறங்கிக் குளிக்கும் இடம், ஆற்றைக் கடக்கும் இடம்.

எங்கள் பக்கத்தில் இந்த அடர்த்தி கிடையாது. தலைமடையில் நெல் விளைந்தது, நெல்லை அளக்கக் கோயில் எழுந்தது. தண்ணீர் மெலிய மெலியக் கோயிலும் மெலிந்தது. இதைவிட வெளிப்படையாக ஆறு எதையும் எழுதிக்காட்ட முடியாது.

28 ஜூன்

நேற்றுக் கடைசிப் பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாது. ஒரே நாளில் பதினாலு பேர் வந்து உதைத்துவிட்டார்கள். திருமறைக்காடு (வேதாரண்யம்) எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், ஐயா, தெரியும். கோடியக்கரை, வலிவலம், அதையும் தெரியும். திருவாரூர் என்று ஒரு ஊர் இருக்கிறது, கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். அதைத் தலைமடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் விதி உடைந்தது. கோயில் அடர்த்திக்கும் மடைக்கும் நேர்க்கணக்கு இல்லை, கடல்வழி வியாபாரமும் சேர்ந்த கணக்கு அது.

திருமறைக்காட்டில் அப்பர் பாடிக் கதவு திறந்தது, சம்பந்தர் பாடி மூடியது என்பது ஐதீகம். மதகு திறக்கப் பதிகம் ஏதாவது இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

2 ஜூலை

வேலி என்றால் எவ்வளவு? 20 மா ஒரு வேலி. 3 மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்கு 9 மா. இதை மீசையை முறுக்கிக்கொண்டு சொல்லும் அளவும் இல்லை, ஒளிக்கும் அளவும் இல்லை.

5 ஜூலை

சுவாமிமலை போயிருந்தேன், வேறு வேலையாக. சிலை வார்க்கிற ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நின்றேன். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் முதல் பூச்சாக ஆற்று வண்டலை மெல்லியதாகப் பூசுகிறார்கள். அது காய்ந்ததும் மேலே மேலே கெட்டி மண். பிறகு சுட்டு, மெழுகு உருகி ஓட, அந்த வெற்றிடத்தில் உலோகம். முதல் பூச்சு நைசாக இல்லாவிட்டால் விரல் நுனி, புருவம், இடுப்பு மடிப்பு எதுவும் எழும்பாது. "சலிச்ச மாவு மாதிரி இருக்கணும் தம்பி, காவிரி கொடுக்குற மண்ணு அது" என்றார் ஸ்தபதி. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்காரர்களும் இதே வண்டலைத்தான் சொல்வார்கள்.

இதைப் பார்த்தபின் என் கட்சி கொஞ்சம் ஆடிவிட்டது. மண்வெட்டியால் ஆற்றைத் திருப்பலாம். குடகிலிருந்து உருட்டி உருட்டி மாவாக அரைத்துக் கொண்டுவரும் மண்ணை எந்த ராஜா உண்டாக்குவான்? ராஜராஜன் காலத்து நடராஜரின் கால் விரலில் ஆற்றின் கைரேகை இருக்கிறது. (கொஞ்சம் பூச்சு அதிகமாகிவிட்டது, இருக்கட்டும்.)

அந்த வண்டல் இப்போது மேட்டூரிலேயே நின்றுவிடுகிறது. 1934-லிருந்து அணைக்குள் படிந்துகொண்டிருக்கிறது. நமக்கு வருவது தெளிந்த தண்ணீர். பார்க்க அழகு, வயலுக்குக் குறை. மேலே மணல் அள்ளிய கதையை எழுத ஆரம்பித்தால் இந்த இழை போலீஸ் ஸ்டேஷனில் முடியும்.

9 ஜூலை

"குடிமராமத்து என்று நம் முன்னோர் எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் தூர்வாரினார்கள், அந்த ஒற்றுமை எங்கே?" என்ற பதிவுக்கு ஐம்பது கைதட்டல் விழுந்திருக்கிறது. நான் தட்டவில்லை.

எல்லாரும் என்றால் யார்? எங்கள் ஊரில் மண் வெட்டியவர்கள் சேரித்தெரு ஆட்கள். நிலம் வைத்திருந்தவர்கள் கரையில் குடை பிடித்து நின்றார்கள். என் தாத்தாவும் குடை பிடித்தவர்தான், சின்னக் குடை. 1858-ல் வெள்ளைக்காரன் அதற்கு ஒரு சட்டமே போட்டான், கட்டாய வேலைச் சட்டம். ஒற்றுமைக்கு எதற்குச் சட்டம்?

தண்ணீரை மடை மடையாகத் திருப்பிவிட்டவரும் எங்கள் ஊரில் ஒரு வெட்டியான்தான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எங்கே கசியும், நண்டு வளை எங்கே என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. சொந்தமாகக் குழி நிலம் கிடையாது. இந்த நாகரிகத்தின் கணக்குப்பிள்ளை அவர்தான், பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மற்ற ஜில்லாவில் ஏழை இல்லையா? இருந்தார்கள். ஆனால் நிச்சயமான தண்ணீர், நிச்சயமான நெல், அதைச் சாகுபடி செய்ய நிச்சயமான ஆள் வேண்டும் என்ற ஏற்பாடு இங்கேதான் இறுகியிருந்தது. வானம் பார்த்த பூமியில் பஞ்சம் வந்தால் பண்ணையும் ஆளும் சேர்ந்து ஊரைவிட்டுப் போவார்கள். இங்கே போக விடமாட்டார்கள். ஆளைச் சாணிப்பால் குடிக்க வைத்ததும் சவுக்கால் அடித்ததும் இந்த வளமான மண்ணில்தான். 1968 டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி நெல்லில் கொஞ்சம் கூடக் கேட்டதில் தொடங்கியது.

ஆற்றங்கரை நாகரிகம் என்று எழுதும்போது இதையும் அதே பேனாவில் எழுத வேண்டும்.

10 ஜூலை

"ஆற்றுக்கும் கீழ்வெண்மணிக்கும் என்ன சம்பந்தம், அது மனிதர் செய்த கொடுமை" என்கிறார் ஒருவர். முதல் நாள் நான் சொன்னதும் அதுதானே: எல்லாம் மனிதர் செய்தது. கோயிலை ஆற்றின் கணக்கில் எழுதினால் இதையும் அதே கணக்கில் எழுது. மனிதர் கணக்கு என்றால் இரண்டும் மனிதர் கணக்கு.

14 ஜூலை

கர்நாடகத்து மண்டியாக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், நன்றாகத் தமிழ் எழுதுகிறார். "கடைமடை கடைமடை என்று அழுகிறீர்களே, எங்கள் கணக்கில் நீங்கள் எல்லாருமே கடைமடை" என்று.

சிரித்துவிட்டேன். பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் பாட்டன் காலத்தில் மண்டியா ராகி பூமி. ஆறு பக்கத்திலேயே போகும், பள்ளத்தில் போகும், எடுக்க வழியில்லை. 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கி, வாய்க்கால் வந்தபின்தான் நெல்லும் கரும்பும். அவரிடம் போய் எங்கள் உரிமை ஆயிரம் வருஷத்துப் பழசு என்றால், "அந்த ஆயிரம் வருஷமும் நாங்கள் வேடிக்கை பார்த்தோம்" என்கிறார். 1924 ஒப்பந்தம், 2007 நடுவர் மன்றம், 2018 உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நான் எண்களை எடுத்து வைத்தேன். அவரும் எண்களை எடுத்து வைத்தார். எண்கள் தீர்ந்ததும் ரங்கநாதருக்கு வந்துவிட்டோம். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம், மூன்றும் ஆற்று நடுத் தீவு. படுத்திருப்பவருக்கு முதல் மடை, கடைமடை எதுவும் இல்லை என்றார் அவர். அதில் தகராறு இல்லை.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். மேலே உள்ளவன் கீழே உள்ளவனிடம் சொல்லும் அதே வாக்கியத்தைத்தான் தஞ்சாவூர்க்காரர் எங்களிடம் சொல்வார்: "தண்ணி பத்தல, என்ன பண்றது." மொழி மட்டும் தமிழ்.

20 ஜூலை

கர்நாடகத்தில் கபினி அணை நிறைந்துவிட்டது என்று செய்தி. எல்லாரும் அமைதியாகிவிட்டோம். அணைக்கட்டு நீர்மட்டத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பார்க்கும் ஜனம் உலகத்தில் வேறெங்கும் உண்டா?

28 ஜூலை

மேட்டூர் திறந்தாச்சு! ஒன்றரை மாதம் தாமதம். குறுவை போனது போனதுதான், சம்பாவுக்கு ஆகும்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லையாம். ஆடியில் காவிரி கர்ப்பிணி, மசக்கைக்காரிக்குப் புளிப்பும் இனிப்புமாகச் சித்திரான்னம் கொண்டுபோவது வழக்கம். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பிள்ளைகள் இழுக்கும் சப்பரம். ரங்கநாதரே யானை மேல் சீர் அனுப்புகிறார்.

எங்கள் ஊரில் இன்று தண்ணீர் இல்லை. வந்து சேர இன்னும் பதினைந்து நாளாவது ஆகும். அம்மா எப்போதும்போல் அடிபம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நாலு தட்டில் சாதம் வைத்துக் கும்பிட்டுவிட்டாள். பம்பில் வருவது உப்புத் தண்ணீர். 2016, 17-லும் இப்படித்தான் செய்தாள். ஆற்றுக்கு நான் உண்டாக்கிய கட்சியெல்லாம் இந்த அடிபம்பின் முன்னால் நிற்காது: தண்ணீர் வராத ஊரிலும் ஆடி பதினெட்டு நடக்கிறது. நாள் ஆற்றுடையது, ஊர் எங்களுடையது.

இதே நேரம் கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்குப் போகிறது. கொள்ளும் இடம் கொள்கிறது.

4 ஆகஸ்ட்

கேட்டவருக்கு: ஆமாம், 1930 உப்பு யாத்திரை இந்த வழிதான். ராஜாஜி திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் பார்த்து, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போனார். தலைமடையில் புறப்பட்டு கடைமடையில் முடிந்த யாத்திரை. பதினைந்து நாள். தண்ணீரும் அவ்வளவு நாள்தான் எடுத்துக்கொள்கிறது, கணக்கு ஒத்துப்போகிறது. சேர்ந்த இடத்தில் உப்புதான் இருந்தது.

12 ஆகஸ்ட்

அண்ணன் போன். "தண்ணி நீடாமங்கலம் தாண்டிடுச்சாம்டா." குரலில் இருந்ததை எழுத வராது.

மேலே ஒரு ஊரில் வைக்கோல் பிரியும் மண் மூட்டையும் போட்டு இரவில் அடைக்கிறார்களாம். கரைக்காவலரிடம் சொன்னால், நான் தனி ஆள், நாப்பது மதகு பார்க்கணும் என்கிறாராம். பொய்யும் இல்லை.

21 ஆகஸ்ட்

ஊருக்கு வந்திருக்கிறேன். வந்துவிட்டது. நேற்று மாலை ஆறரை மணிக்கு, வாய்க்காலில் முதலில் சருகும் பிளாஸ்டிக்கும் நுரையும், அதன் பின்னால் அரையடித் தண்ணீர், நடந்து போகும் வேகத்தில். நாய்கள் குரைத்துக்கொண்டே கூட ஓடின. பிள்ளைகள் மொபைலில் பிடித்தார்கள். நானும்.

காலையில் பார்த்தால் எங்கள் மடைக்குக் கீழே வாய்க்காலில் இரண்டு மண் மூட்டை. "யார் போட்டது?" என்றேன். அண்ணன் பதில் சொல்லாமல் பல் துலக்கிக்கொண்டிருந்தான். நமக்குக் கீழே நாலு வயல்தான், அவங்களுக்கு நாளைக்கு விடலாம் என்றான் கடைசியில். மேலே உள்ள ஊரைப் பற்றி நான் 12-ம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு யாராவது இங்கே வந்து கேட்கட்டும், பதில் இல்லை.

மூட்டையை மத்தியானம் எடுத்துவிட்டோம். முழுக்க இல்லை, ஒன்றை.

22 ஆகஸ்ட்

முதல் நாள் கேள்விக்குத் தீர்ப்பு என்ன என்று கேட்கிறார்கள். ஆறு முதலா, வாய்க்கால் முதலா? தெரிந்திருந்தால் மூட்டை விஷயத்தில் அண்ணனிடம் பேசியிருப்பேன். ஆறு ஒரு வரிசையைக் கொண்டுவந்து கொடுக்கிறது: முன்னால் நிற்பவன், பின்னால் நிற்பவன். அதில் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்துதான் நமக்குச் சாமி, சட்டம், கோபம் எல்லாம். வரிசையை ஆறு போட்டதா, நாம் போட்டதா என்பதில் இன்னும் குழப்பம்தான்.

24 ஆகஸ்ட்

விதை என்ன போட்டீர்கள் என்று கேட்டவருக்கு: நாற்றுவிட நாள் இல்லை, நேரடி விதைப்புதான். சி.ஆர். 1009 சப் 1. நூற்றைம்பது நாளுக்கு மேல் போகும் ரகம். வெள்ளத்தில் சில நாள் முழுகிக் கிடந்தாலும் தாங்கும் என்பதால் அதை எடுத்தோம். கார்த்திகையில் மழை பிடித்தால் மேலே உள்ள அத்தனை ஊர் வடிகாலும் எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அப்போது எங்களுக்குத் தண்ணீர் கேட்காமலே வரும், முறையெல்லாம் கிடையாது.